பீர் பாட்டில் கழுவுகிறவனின் குறிப்புகள்

மியூனிக்கில் காலி பீர் பாட்டில் ஒன்றுக்கு 8 சென்ட். மூடியைக் கம்பியால் இழுத்துப் பூட்டுகிற ‘கம்பிப் பூட்டு’ பாட்டிலாக இருந்தால் 15 சென்ட். இருபது பாட்டில் பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு ஒன்றரை யூரோ. ஒரு கிரேட் பீர் வாங்கினால் பீரின் விலையோடு 3 யூரோ 10 சென்ட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். காலியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். இதற்கு இங்கே ‘ஃபாண்ட்’ என்று பேர். நம்மூரிலும் 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதே கணக்குதான்.

வீட்டில் பீர் காய்ச்சுகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த ஃபாண்ட் ஒரு வரப்பிரசாதம். 20 லிட்டர் பீர் காய்ச்சினால் அரை லிட்டர் பாட்டில் நாற்பது வேண்டும், அதாவது இரண்டு கிரேட். புதுப் பாட்டில் வாங்கப் போனால் அதற்கே ஒரு தொகை ஆகிவிடும். பானக் கடைக்காரரிடம் முகம் பழகியிருந்தால் ஃபாண்ட் காசை மட்டும் வாங்கிக்கொண்டு காலி கிரேட்டையே கொடுத்துவிடுவார். அதுவும் சாதாரணக் கண்ணாடி இல்லை. பீர் ஆலைக்குத் திரும்பிப் போய், காரக் கரைசலில் கழுவி, ஐம்பது தடவை வரை நிரப்புவதற்கென்றே கனமாக வார்த்த பாட்டில். உள்ளே அழுத்தத்தைத் தாங்குவதுதான் அதன் தொழில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக: ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்கு வருடம் 500 லிட்டர் வரை வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். 2023 வரை அது 200 லிட்டராக இருந்தது. விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அங்கே வீட்டில் காய்ச்சுகிற பேச்சே கிடையாது. அதனால் நான் சொல்வதெல்லாம் இங்கே, இந்த ஊர் பாட்டிலைப் பற்றி.

எந்தப் பாட்டிலை எடுப்பது என்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது கட்டையும் குட்டையுமாக இருக்கும் ‘ஆய்ரோ’ பாட்டில். இந்த ஊரின் அவுகுஸ்டினர் பீர் அதில்தான் வரும். பெயர் எதுவும் பொறிக்காத பழுப்புக் கண்ணாடி, கைக்கு அடக்கம், கழுவும்போது தொட்டியில் படுக்க வைக்கச் சௌகரியம். சில ஆலைகள் தங்கள் பெயரைக் கண்ணாடியிலேயே எழும்பி நிற்கிற மாதிரி வார்த்திருக்கும். அந்த மாதிரிப் பாட்டில் கடைசி வரை ஆலையின் சொத்து என்று இங்கே உச்ச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. நான் அவற்றைத் தொடுவதில்லை, கடைக்கே போய்விடும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியும் வேண்டாம். பீருக்குக் கசப்பு தருகிற ‘ஹாப்ஸ்’ பூவின் சத்தின் மேல் வெயில் பட்டால் ஒரு கந்தக வாடை பிறக்கும், குடிக்கிறவர் மூக்கைச் சுளிப்பார். பழுப்பு நிறம்தான் அந்த வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும்.

பூங்காவிலும் இசார் ஆற்றங்கரையிலும் குப்பைத் தொட்டி ஓரமாகப் பாட்டில்களை வரிசையாக நிற்க வைத்திருப்பார்கள். ஃபாண்ட் காசுக்காகப் பொறுக்கிப் பிழைக்கிறவர்களுக்கென்று விட்டுவைத்தது அது. அதில் நாம் கை வைப்பது அழகில்லை. அது போக, பாதிப் பாட்டிலில் சிகரெட் துண்டு கிடக்கும். சிகரெட் ஊறின பாட்டிலை என்ன கழுவினாலும் எனக்கு மனம் ஒப்பாது.

பாட்டில் கைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதன் வாயை. இந்த ஊர்க்காரர்கள் பாட்டில் திறக்கும் அழகைப் பார்த்திருப்பீர்கள். லைட்டரின் அடிப்பாகத்தால் நெம்புவார்கள், இன்னொரு பாட்டிலின் மூடியை வைத்து நெம்புவார்கள், மேசை விளிம்பில் வைத்துத் தட்டுவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் சோடா மூடி உட்காருகிற விளிம்பில் நகக்கீறல் அளவு கண்ணாடி பெயர்ந்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஈர விரல் நுனியை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டினால் ஓரிடத்தில் சொரசொரவென்று இடறும். அந்தப் பாட்டில் ஒதுக்கப்பட வேண்டியது. மூடி சரியாக அழுந்தாது, காற்று கசியும். கண்ணாடித் துணுக்கு பீரில் விழுகிற ஆபத்து வேறு. அப்புறம் தோள் பக்கம். பாட்டிலும் பாட்டிலும் உரசி வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கும். அது லேசாக இருந்தால் பரவாயில்லை. தடவினால் பள்ளமாகத் தெரிகிற அளவுக்குப் போயிருந்தால் அந்தப் பாட்டில் நிறைய ஊர் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அழுத்தம் ஏறும்போது விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இனி கழுவுவது. பாட்டில் சுத்தமாவது கழுவுகிற நாளில் என்று நினைக்கிறோம். உண்மையில் பீரை கிளாஸில் ஊற்றி முடித்த அந்த ஒரு நிமிடத்தில்தான் முக்கால்வாசி வேலை முடிகிறது, அல்லது கெடுகிறது. வீட்டில் காய்ச்சும் பீர் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பதால் அடியில் ஈஸ்ட் மண்டி தங்கும். ஈரமாக இருக்கும்வரை அது வெறும் சேறு. வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி நிரப்பி, கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கிக் கவிழ்த்தால் போய்விடும். இதை மூன்று தடவை செய்து, வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பார்த்து, கிரேட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் முடிந்தது கதை. அதையே ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மேசையில் விட்டால் மண்டி காய்ந்து பசைபோல ஒட்டும். மூடிவைத்து ஒரு வாரம் விட்டால் பூசணம் பூத்துவிடும். ஒரு நிமிட வேலை ஒரு ராத்திரி வேலையாகிவிடும்.

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது தெரியும். விருந்து நடுவிலும் எழுந்து போய் பாட்டிலை அலசுவேன். என் மனைவி, “அதை வெச்சிட்டு வந்து உக்காருங்க, பாட்டில் எங்கயும் ஓடிடாது” என்பாள். பாட்டில் ஓடாது, ஈஸ்ட் காய்ந்துவிடுமே!

கடையிலிருந்து வாங்குகிற காலிப் பாட்டிலில் இந்தச் சௌகரியம் கிடையாது. யார் எப்போது குடித்தது, எந்த நிலவறையில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும். அதை முதல் தடவை மட்டும் ஊற வைத்துத்தான் ஆக வேண்டும். நான் பயன்படுத்துவது சோடியம் பெர்கார்பனேட். டீஎம் மாதிரிக் கடைகளில் துணிக் கறை நீக்கும் பவுடர் வரிசையில் இருக்கும். வாசனை, சோப்பு எதுவும் சேர்க்காத டப்பாவாகப் பார்த்து எடுக்க வேண்டும். குளியல் தொட்டியிலோ பெரிய பிளாஸ்டிக் பெட்டியிலோ கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக, ஐம்பது டிகிரி வாக்கில், தண்ணீர் நிரப்பி, ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி வீதம் கரைத்து, பாட்டில்களை முழுக அமுக்கி வைப்பேன். கையுறை கட்டாயம். உள்ளே காற்று நின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் கழுவப்படாது, அதனால் ஒவ்வொன்றையும் சாய்த்து குமிழ் விட்டு முடிக்கிற வரை பிடித்திருக்க வேண்டும்.

இந்தக் கரைசலை பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி வைக்கவே கூடாது. பெர்கார்பனேட் தண்ணீரில் கரைந்ததும் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் அழுக்கை எடுக்கிறது. மூடிவிட்டால் அந்த வாயு போக வழி இருக்காது, கம்பிப் பூட்டுப் பாட்டிலில் இது நிஜமான அபாயம்.

மறுநாள் காலை பார்த்தால் லேபிள்கள் தாமாகக் கழன்று தண்ணீரில் மிதக்கும். ஆலைகளே சூடான காரத்தில் கழுவி உரிக்க வேண்டும் என்பதால், திரும்பி வரும் பாட்டிலில் அப்படிக் கரைகிற பசையைத்தான் போடுகிறார்கள். லேபிளுக்காக மட்டும் என்றால் வெறும் சலவை சோடாவே போதும், விலையும் குறைவு. பிளாஸ்டிக் தாளில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிய லேபிள் இதற்கெல்லாம் மசியாது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட அந்தப் பாட்டிலைக் கடைக்குத் திருப்பிவிட்டு வேறு வாங்குவது புத்திசாலித்தனம். பழுப்புப் பாட்டிலுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

மியூனிக் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் இங்கேயும். பெர்கார்பனேட்டில் இரண்டு மூன்று நாள் மறந்து விட்டால் பாட்டில் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது மாதிரி மங்கலாகிவிடும். கழுவக் கழுவப் போகாது. கெட்டிலுக்குப் போடும் சிட்ரிக் ஆசிட்டை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றிக் குலுக்கினால் நொடியில் தெளிந்துவிடும். வினிகரும் செய்யும், வாடை தங்கும் என்பதால் எனக்குப் பிடிக்காது.

ஊறியும் போகாமல் அடியில் ஒரு பழுப்பு வட்டம் மிஞ்சினால் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் கழுத்துக்குக் கீழே தோள் வளைகிற இடத்தில் பிரஷ் பிடிப்பதில்லை. அங்கே எனக்குக் கை கொடுப்பது எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டில் கழுவுகிற முறை. ஒரு பிடி பச்சரிசியும் கால் பாட்டில் வெந்நீரும் போட்டு, வாயைப் பொத்தி, சுழற்றிச் சுழற்றிக் குலுக்க வேண்டும். அரிசி எல்லா மூலையிலும் போய் உரசிக்கொண்டு வரும், கண்ணாடியில் கீறலும் விழாது. பிறகு அரிசி ஒன்றுகூட உள்ளே தங்காமல் அலச வேண்டும். அதற்கும் மசியாத பாட்டில் எனக்கு வேண்டாம்.

பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே சுத்தமான பாட்டிலைச் சூடாக்க அது உதவும். உள்ளே காய்ந்த அழுக்கை எடுக்க உதவாது, அந்தக் குறுகிய வாய் வழியாகத் தண்ணீர் வேகமாக ஏறுவதே இல்லை. டிடர்ஜென்ட்டும் பளபளப்பு திரவமும் போடக் கூடாது. அது துளி தங்கினாலும் பீரில் நுரை நிற்காது. கிளாஸில் ஊற்றினால் டீ மாதிரி இருக்கும்.

சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு. இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் இரண்டாவதைக் கவனமாகச் செய்துவிட்டு முதலாவதில் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருந்தால், அதன் அடியில் இருக்கிற பாக்டீரியாவை எந்த மருந்தும் தொடாது. படலம் போன பிறகுதான் மருந்துக்கு வேலை. நான் பாட்டிலில் நிரப்புகிற அன்று, காய்ச்சுபவர்களுக்கென்று விற்கும், அலசத் தேவையில்லாத ஆக்சிஜன் பவுடரைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ஊற்றிச் சுழற்றி, அடுத்த பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டே போவேன். கவிழ்த்து வடிய விட்டு அப்படியே நிரப்பலாம். மின்சார ஓவனில் வைத்தும் செய்கிறார்கள். வாயில் அலுமினியத் தாளைச் சுற்றி, குளிர்ந்த ஓவனில் வைத்து மெல்லச் சூடேற்றி, ஓவனிலேயே ஆற விட வேண்டும். சூடான பாட்டிலைக் குளிர்ந்த கல் மேடையில் வைத்தால் ‘டப்’ என்று அடி கழன்றுவிடும். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் எனக்கு அதில் ஆர்வமில்லை.

பிளீச்சிங் திரவம் மட்டும் வேண்டாம். குளோரின் துளி தங்கினாலும் பீரில் இருக்கிற சில பொருட்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை வந்துவிடும். பிளாஸ்டர் டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்தால் விஷ வாயு வரும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஈரோட்டுப் பையன் ஒருவன் இங்கே மேற்படிப்புக்கு வந்து, என்னைப் பார்த்து பீர் காய்ச்ச ஆரம்பித்தான். ஒரு நாள் போன் பண்ணினான்.

“அண்ணா, பீர் எல்லாம் கெட்டுப்போச்சுண்ணா. திறந்தா கூரை வரைக்கும் அடிக்குது.”

“எல்லாமேவா தம்பி, இல்ல சிலதா?”

“அஞ்சாறு பாட்டில்தாண்ணா இதுவரைக்கும். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

அந்தப் பதிலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. காய்ச்சினது எல்லாமே பொங்கினால் குற்றம் நொதிக்கிற வாளியில் இருக்கலாம், அல்லது பாட்டிலுக்குள் வாயு உண்டாவதற்காக அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரையின் அளவில் இருக்கலாம், அல்லது நொதித்து முடியும் முன்னே அவசரப்பட்டு அடைத்திருக்கலாம். ஒரே பீர், ஒரே சர்க்கரை, அதில் ஐந்தாறு மட்டும் பொங்குகிறது என்றால் குற்றவாளி பாட்டில்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பொங்கின பாட்டில்களைக் காலி பண்ணி, கைப்பேசி டார்ச்சை அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி அடித்துக் காட்டினேன். தோளுக்குக் கொஞ்சம் மேலே, பழைய பீரின் மட்டம் நின்ற இடத்தில், நூல் கனத்தில் ஒரு மங்கல் வளையம். மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியவே தெரியாது. அதில் ஒளிந்திருந்த காட்டு ஈஸ்ட், நம் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையையும் தின்று வாயுவாக்கிவிட்டது. மோந்து பார்த்தால் லேசாகக் கிராம்பு வாடை. மிச்சப் பாட்டில்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் ஃபிரிஜ்ஜில் ஏற்றிச் சீக்கிரம் குடித்து முடி என்றேன். அதற்கு அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதிலிருந்து டார்ச் வெளிச்சம் இல்லாமல் அவன் பாட்டில் நிரப்புவதில்லை. இருட்டின அறையில், அடியிலிருந்து வெளிச்சம், பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே ஒரு பார்வை. பழுப்புக் கண்ணாடியில் பகல் வெளிச்சத்தைவிட இது பத்து மடங்கு தெளிவு.

வெடிக்கிற பாட்டில் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவுவதோடு அதற்கும் தொடர்பு இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலும் சர்க்கரைக் கணக்கில்தான் தப்பு நடக்கும். சாதாரணச் சர்க்கரை நொதித்தால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகும். இருபது டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 1.7 கிராம் வாயு கரைந்திருக்கும். நமக்கு லிட்டருக்கு 5 கிராம் வேண்டும். மிச்சம் 3.3 கிராமுக்கு ஆறரை கிராம் சர்க்கரை. அரை லிட்டர் பாட்டிலுக்கு மூன்றே கால் கிராம். கோதுமை பீருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். கரண்டியால் தனித்தனியாகப் போடாமல், மொத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து பீரோடு கலந்துவிட்டால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும். அடர்த்தி அளவி (ஹைட்ரோமீட்டர்) இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டும் வரை, அதாவது நொதித்து முடியும் வரை, அடைக்கவே கூடாது. கழுவி எடுத்த பாட்டில் காத்திருக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் சேர்த்து நிரப்பி வைப்பேன். அதைக் கையால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கல்மாதிரி இறுகியதும் எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாம். நிரப்பின கிரேட்டுகளின் மேல் ஒரு கனத்த போர்வையைப் போட்டு வைப்பதும் பழக்கம்.

மூடி அடிப்பதற்கு இரண்டு கைப்பிடி வைத்த மலிவான கருவி ஒன்று உண்டு. அது பாட்டில் கழுத்தில் இருக்கும் வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்தும். வளையம் மெலிதாகவோ ரொம்பக் கீழேயோ இருக்கிற பாட்டிலில் நழுவும், சிலசமயம் கழுத்தையே ஒடித்துவிடும். மேசையில் நிற்கிற நெம்புகோல் கருவிக்கு அந்தக் கவலை இல்லை. எந்த உயரப் பாட்டிலையும் வைத்து ஒரே அழுத்து. காசு இருந்தால் அதை வாங்குங்கள். மூடி 26 மில்லிமீட்டர், இங்கே எல்லாப் பீர் பாட்டிலுக்கும் அதுதான். ஷாம்பெயின் பாட்டில் சிலவற்றுக்குத்தான் 29 வேண்டும். பழைய சோடா மூடியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி போட முடியாது, அது ஒவ்வொரு தடவையும் புதிதுதான்.

கம்பிப் பூட்டுப் பாட்டிலுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். வடக்கே ஃப்ளென்ஸ்பர்கர் பீர் அதில் வருகிறது, திறக்கும்போது ‘பொளக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. அழகான பாட்டில்தான், ஆனால் கழுவுகிறவனுக்கு அதில் வேலை அதிகம். ரப்பர் வளையத்தைக் கழற்றி எடுத்து அதன் அடியில் பார்த்தால் கறுப்பாக ஒரு கோடு இருக்கும், பூசணம். அதைக் கழற்றாமல் பாட்டிலை மட்டும் கழுவினால் கழுவாதது மாதிரிதான். வளையத்தை வெந்நீரில் சில நிமிடம் கொதிக்க வைத்துப் போடலாம். விரலால் மடித்தால் வெடிப்புத் தெரிகிறதென்றால் புதிது மாற்ற வேண்டும். சில சென்ட்தான், அதற்குக் கஞ்சத்தனம் பண்ணினால் பீரில் காற்றே நிற்காது.

கழுவிக் காய்ந்த பாட்டிலை நான் கிரேட்டிலேயே தலைகீழாக அடுக்கி, மேலே ஒரு சுத்தமான துணியைப் போட்டு நிலவறையில் வைக்கிறேன். ஈரத்தோடு மூடக் கூடாது, வாயைத் திறந்து நிமிர்த்தியும் வைக்கக் கூடாது. வேனில் காலத்தில் பழ ஈ உள்ளே இறங்கும். அதன் காலில் வருகிற பாக்டீரியா பீரை வினிகராக்கும் ஜாதி.

நண்பர்களுக்கு பீர் கொடுத்தால் பாட்டில் திரும்பாது. சூப்பர்மார்க்கெட் மெஷின் இந்த மாதிரிப் பாட்டிலை உருவத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளும், லேபிள் தேவையில்லை. அவர்களும் பழக்கதோஷத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். இதற்காக யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது. கொடுக்கும்போதே, “குடிச்ச உடனே அலசிட்டுக் கொண்டாங்க, அடுத்தது தர்றேன்” என்று சொன்னால் ஓரளவு திரும்பி வருகிறது.

என் பாட்டிலில் லேபிளும் ஒட்டுவதில்லை. மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் என்ன பீர், என்று அடைத்தது என்று எழுதிவிடுகிறேன், மூடியோடு அது போய்விடும். பிறந்தநாள், கல்யாண நாள் என்று அழகாகக் கொடுக்க வேண்டியிருந்தால் மட்டும் தாளில் அச்சடித்து, பின்பக்கம் பாலைத் தடவி ஒட்டுவேன். அரை மணி நேரத்தில் காய்ந்து கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த தடவை பச்சைத் தண்ணீரில் நனைத்தாலே உரிந்து வந்துவிடும். ஃபிரிஜ்ஜில் வியர்க்கிற பாட்டிலில் சிலசமயம் தானாகவும் கழன்றுவிடுகிறது, அதற்கு இன்னும் வழி பார்க்க வேண்டும்.